வடக்கு வாசலை அழித்தவள்

எதைக் கையில் கொடுத்தாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் துருவி. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனபோது அந்தப் பெயரும் கூடவே போய்விட்டது. நாத்தனார் மட்டும் அண்ணி என்பாள், ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்து, "அண்ணீ" என்பாள்.

துருவிக்கு நகரப் பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை. மூன்றாம் மாடி, கணினிப் பிரிவு. நான்கு நாற்காலி, மூன்று ஆட்கள், எப்போதும் காகிதம் சிக்கிக்கொள்ளும் ஒரு பிரிண்டர். பேருந்துக்குள் "அடுத்த நிறுத்தம்" என்று ஒரு பெண்குரல் சொல்லுமே, அந்தக் குரலைப் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் பொறுப்பு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வானொலி அறிவிப்பாளரை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, ஊரிலுள்ள எல்லா நிறுத்தங்களின் பெயரையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு பெயருக்கு ஒரு கோப்பு. எல்லாம் இணையத்தில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சேமிப்பில் இருந்தன. விடியற்காலை டிப்போவை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பேருந்தும் அங்கிருந்து தனக்கு வேண்டிய குரல்களை இறக்கிக்கொள்ளும். கோப்புகளை வைக்கிற இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். மேகத்துக்குள் பக்கெட் எப்படி வந்தது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே துருவி கேட்டாள். இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் ஒரு பட்டியலோடு வந்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு ஸ்டாப்பு. எல்லாம் மூடியாச்சு. ரூட்டு மாறினது, ரோடு அகலப்படுத்தினது, இப்படி. பேரெல்லாம் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. துடைச்சுப் போட்டுடும்மா."

"யாரு சார் சரிபார்த்தாங்க?"

"நான்தான் டைப் பண்ணேன். வேற யாரு சரிபார்க்கணும்?"

முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும். துருவி சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்து, "இந்தக் கோப்பை அழி" என்று இணையம் வழியாகச் சேமிப்பு சர்வருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பும். சர்வர் 204 என்று ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். காரியம் முடிந்தது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான், அடுத்த பெயர்.

ஓட்டினாள். 204, 204, 204 என்று திரை முழுக்க ஒரே எண் வரிசையாக இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். துருவிக்கு மண்டைக்குள் ஏதோ குடைந்தது. பக்கெட்டில் இல்லவே இல்லாத ஒரு பெயரை வேண்டுமென்றே தட்டி, அதையும் அழிக்கச் சொன்னாள்.

204.

"அடப்பாவி" என்றாள் திரையைப் பார்த்து. "அப்போ நீ நிஜமா அழிக்கறியா, இல்ல எதைச் சொன்னாலும் தலையாட்டறியா?"

சந்தேகம் வந்துவிட்டதால், விட்டுப்போனது ஏதாவது இருந்தால் மறுநாள் பிடிபடட்டும் என்று, தினமும் காலை பத்து மணிக்கு நிரல் தானாகவே மறுபடி ஓடும்படி வைத்தாள். அழிப்பதற்கு முன்னால் கோப்பு அங்கே இருந்ததா இல்லையா என்று பார்த்து எழுதிவைக்கவும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அறிக்கை வந்தது. முந்நூற்றுப் பதினொன்று இல்லை. ஒன்று மட்டும் இருந்தது, இப்போது அழிக்கப்பட்டது. நிறுத்தம் 0417, கண்ணாடித் தொழிற்சாலை, வடக்கு வாசல்.

சரி, நேற்று ஏதோ தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். புதன்கிழமையும் அதே 0417 இருந்தது. இந்த முறை அறிக்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தாள். கோப்பு பக்கெட்டுக்கு வந்த நேரம் அன்று காலை ஐந்து மணி பத்து நிமிடம். அளவும் வேறு, பழைய கோப்பைப்போல ஒன்றரை மடங்கு.

யாரோ திருப்பி வைக்கிறார்கள்.

வியாழக்கிழமை பத்து மணி ஆவதற்குள் அலுவலகத்துக்கு ஓடி வந்து, நிரல் அழிப்பதற்கு முன் கோப்பைத் தன் கணினியில் இறக்கிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். வானொலி அம்மாளின் வழவழப்பான குரல் வரும் என்று எதிர்பார்த்தவளின் காதில் ஓர் ஆண்பிள்ளையின் தொண்டைச் செருமல் விழுந்தது. பிறகு, தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதைப் போன்ற கட்டைக்குரலில், "அடுத்த நிறுத்தம். கண்ணாடித் தொழிற்சாலை. வடக்கு வாசல்." கடைசியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அத்தோடு சரி.

துருவி நான்கு தடவை கேட்டாள். பத்து மணிக்கு நிரல் வந்து அதை அழித்துவிட்டுப் போனது.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் மேஜைமேல் இருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "எந்த டிப்போ யூசர்னு பார்த்து பாஸ்வேர்டை மாத்திடு, தீர்ந்தது விஷயம்" என்றார். எந்தப் பயனர்பெயர் என்பதும் அறிக்கையிலேயே இருந்தது. டிப்போ மூன்று. மாற்றுவது இரண்டு நிமிட வேலை. மாற்றிவிட்டால் கட்டைக்குரல் நின்றுவிடும். யார், எதற்கு என்று தெரியாமலே போய்விடும். அதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம்.

நாத்தனாருக்குக் கால் சென்டரில் வேலை. நாள் பூராவும் முகம் தெரியாதவர்களின் குரலோடு மல்லுக்கட்டுகிறவள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே துருவி ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டாள்.

"என்ன அண்ணி, மூச்சு விட விடுங்க."

"இதைக் கேளு முதல்ல. கேட்டுட்டு என்ன தோணுதுன்னு சொல்லு."

நாத்தனார் கண்ணை மூடிக் கேட்டாள். "ஐம்பதைத் தாண்டின ஆளு. சின்ன ரூமுல தனியா உட்கார்ந்திருக்காரு. மைக்குல பேசிப் பழக்கமில்ல."

"கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல. கூச்சமா இருக்காரு. எங்கிட்ட இப்படிப் பேசற ஆளுங்கதான் போனை வைக்கறப்போ தேங்க்ஸ் சொல்லுவாங்க." ஹெட்போனைக் கழற்றினாள். "யாரு இவரு?"

"தெரியலை. நான் தினம் அழிக்கறேன், இவரு தினம் பேசறாரு."

"அய்யோ, நிறுத்திடாதீங்க அண்ணி! நாளைக்கு என்ன சொல்றாருன்னு பார்க்கலாம்."

சொல்ல வேண்டுமா? துருவி நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை கட்டைக்குரலுக்குச் சளி பிடித்திருந்தது. சனிக்கிழமை சளி இன்னும் முற்றி, "வடக்கு" என்பது "வடக்க்கு" என்று வந்தது. நாத்தனாரும் அண்ணியும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அதைக் கேட்டுச் சிரித்தார்கள், பாவம் ஒரு மாத்திரை போடக்கூடாதா என்று வருத்தமும் பட்டார்கள்.

திங்கட்கிழமை அறிக்கையைத் திறந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோப்பு வரவே இல்லை. திங்கள் காலை மட்டும் வந்திருந்தது. ஆக, ஞாயிறு லீவு எடுக்கிற மனுஷர். இதற்கு மேல் பொறுமை இல்லாமல், சேமிப்பு நிறுவனத்தின் விளக்கப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கேதான் அந்த வரி கண்ணில் பட்டது. கழகத்தின் பக்கெட்டில், பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் வசதி போட்டிருந்தது. யார் எப்போது போட்டார்களோ. அது போட்டிருந்தால், வெறுமனே அழி என்று சொன்னால் சர்வர் கோப்பை அழிப்பதில்லை. அதன்மேல் "அழிக்கப்பட்டது" என்று ஒரு குறியைப் போர்த்திவிட்டு 204 சொல்லிவிடுகிறது. கோப்பு அடியிலேயே கிடக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் நீளமாக ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மையிலேயே அழியும்.

"அப்போ அத்தனையும் இருக்கா?" என்றாள் வாய்விட்டு. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

0417-இன் பதிப்புகளையெல்லாம் காட்டு என்று ஒரு வேண்டுகோள் அனுப்பினாள். எட்டு வந்தன. அடியில் வானொலி அம்மாள். அதற்கு மேல் கட்டைக்குரல் ஏழு. ஏழா? செவ்வாயிலிருந்து சனிவரை ஐந்து, திங்கள் ஒன்று, ஆக ஆறுதானே வரவேண்டும்? திங்கட்கிழமை மட்டும் இரண்டு இருந்தன, நான்கு நிமிட இடைவெளியில்.

வரிசையாகக் கேட்டாள். திங்கட்கிழமையின் முதல் பதிவு வழக்கம்போலச் செருமலோடு ஆரம்பித்தது. அப்புறம்:

"இதைத் தினம் அழிக்கற புண்ணியவான் யாரோ! அவனுக்கும் ஒரு நாள் நைட்டு ஷிப்டு பார்த்துட்டு, பஸ்ல தூங்கி, கடைசி ஸ்டாப்புல போய் முழிக்கற பாக்கியம் கிடைக்கட்டும். ஞாயித்துக்கிழமை பதினாலு பேருய்யா! பதினாலு பேரு!"

நான்கு நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல், "அடுத்த நிறுத்தம். கண்ணாடித் தொழிற்சாலை. வடக்கு வாசல்."

முதலில் துருவிக்குச் சிரிப்பு வந்தது. பதினாலு பேர் என்றது மண்டையில் உறைத்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. யார் அந்தப் பதினாலு பேர்? அவர்களுக்கு என்ன ஆனது? வியாழக்கிழமையே நிறுத்தியிருக்கலாமே. வேடிக்கை பார்க்கலாம் என்று விட்டுவைத்தவள் அவள்தான். அன்றைய நிரல் ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது. நேரம் குறித்து வைத்திருந்ததை ரத்து செய்தாள். 0417-இன் மேல் கிடந்த அழிப்புக் குறியை அதன் எண்ணைச் சொல்லி அகற்றினாள். குரல் மறுபடி மேலே வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை, கொட்டாவி விட்டுக்கொண்டே கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து டிப்போ மூன்றின் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே பேருந்துகள் உறுமிக்கொண்டு நின்றன. கண்ணாடி வைத்த சின்ன அறையில் டைம் கீப்பர் உட்கார்ந்து, வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, உள்ளங்கை அளவு முகம் கொண்ட மனிதர். இவராக இருக்காது என்றுதான் அவள் நினைத்தாள்.

"யாரும்மா வேணும்?" என்றார். தகர டப்பா, கூழாங்கல்.

"சார், ஹெட் ஆபீஸ்லேருந்து வரேன். வடக்கு வாசல் விஷயமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பாடா! ஒரு வழியா வந்தீங்களே! ஒன்பது தடவை புகார் போட்டிருக்கேன்மா. 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது'ன்னு ஒன்பது தடவையும் பதில் வருது, ஆளு வரலை. யாரோ தினம் அழிச்சு விளையாடறாங்க. இன்னிக்கு மட்டும் என்னமோ விட்டு வெச்சிருக்காங்க."

"மூடின ஸ்டாப்புக்கு எதுக்கு சார் தினம் பேசறீங்க?"

"மூடின ஸ்டாப்பா?" அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அஞ்சு நாப்பது வண்டி நிக்குது பாருங்க. ஏறிப் போயிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

பேருந்தில் உட்கார இடமில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கோ இரவு வேலை முடித்துவிட்டுக் கண்ணாடித் தொழிற்சாலையில் காலை ஷிப்டும் பார்க்கிறவர்கள் சிலர், இரண்டு வண்டி மாறி வருகிறவர்கள் சிலர் என்று கண்டக்டர் சொன்னார். ஜன்னல் கம்பியில், முன்சீட்டின் முதுகில், பக்கத்தில் இருப்பவர் தோளில் என்று தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. மற்ற நிறுத்தங்களின் பெயரை வானொலி அம்மாள் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு தலையும் நிமிரவில்லை. அப்புறம் ஒரு செருமல் கேட்டது.

"அடுத்த நிறுத்தம். கண்ணாடித் தொழிற்சாலை."

வடக்கு வாசல் என்று முடிப்பதற்குள் முப்பது பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். கண்ணைத் திறக்காமலே பையைத் தோளில் மாட்டினார் ஒருவர். தொழிற்சாலைக் கதவு அகலத் திறந்திருந்தது. பேருந்து பாதியாகக் காலியாகி நகர்ந்தது.

துருவி இறங்கவில்லை. பட்டியலில் தவறு எங்கே என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் வானொலி அம்மாள் இனிமையாக, "அடுத்த நிறுத்தம், கண்ணாடித் தொழிற்சாலை, தெற்கு வாசல்" என்றார். யாரோ ஊருக்குப் புதியவர் அவசரமாக மணியை அழுத்தினார். ஓட்டுநர் திரும்பாமலே, "அங்கெல்லாம் நிக்காதுங்க, மூடி ரெண்டு மாசமாச்சு" என்றார். வாசல் இருந்த இடத்தில் புதுச் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. முன்னால் நிறுத்தக் கம்பம்கூட இல்லை, பிடுங்கிய குழிதான் இருந்தது.

0417 வடக்கு. 0418 தெற்கு. மேனேஜரின் விரல் ஒரு எண் தள்ளி விழுந்திருக்கிறது.

ஏழு மணிக்கு டிப்போவுக்குத் திரும்பியவள், டைம் கீப்பரின் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "சார், அந்தப் புண்ணியவான் நான்தான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறியது. "அதை... அதைக் கேட்டீங்களா? நான் உடனே வேற பேசி மேல போட்டுட்டேனே. அது அழிஞ்சு போயிருக்குமே!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன், நான் அழிச்சதெல்லாம் அழிஞ்சிருச்சுன்னு. இங்க எதுவும் அவ்வளவு லேசுல அழியறதில்ல."

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் நாள் பதினோரு பேரு கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டாங்க. நான் லீவுல இருந்த அன்னிக்குப் பதினாலு பேரு. லேட்டா போனா அரை நாள் ஷிப்டு போச்சு. அவங்க என்னை வந்து கேக்கறாங்க. நான் யாரைக் கேக்கறது? அந்த ஆத்திரத்துல..."

"முதல் நாள் பட்டியல் தப்பு. ஞாயித்துக்கிழமை என் தப்பு சார்" என்றாள் துருவி. "உங்க குரல் தினம் வருதே, யாருன்னு பார்க்கலாம்னு நிறுத்தாம விட்டு வெச்சேன். தூங்கறவங்க இருக்காங்கன்னு தோணவே இல்லை."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு இரண்டு டீ சொன்னார். டீ வந்த பிறகு, ஒரு நாள் பேசியதையே ஏன் வைத்துக்கொண்டு மறுநாளும் போடவில்லை என்று துருவி கேட்டாள். கேட்காமல் எப்படி இருப்பாள்? "குரல் ஏத்தற அந்த வெப் பக்கத்துல ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும்மா. அமுக்கிப் பேசினா நேரா மேல போயிடுது. இங்க ஒண்ணும் நிக்கறதில்லை. அதான் தினம் புதுசா."

மடிக்கணினியைத் திறந்து ஏழையும் போட்டுக் காட்டினாள். சளிபிடித்த சனிக்கிழமையைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார். திட்டு வந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதை மட்டும் எடுத்துடுங்கம்மா. நிஜமா எடுத்துடுங்க. என் வீட்டுக்காரி காதுல விழுந்தா என் மானம் போயிடும்."

துருவி அந்தப் பதிப்பின் நீண்ட எண்ணை எடுத்து, வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பினாள். 204 வந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுன்னுதான் சொல்லுது. ஆனா இது எதுக்கும் இதே பதிலைத்தான் சொல்லும்." அதே எண்ணைச் சொல்லி, இப்போது அந்தப் பதிவைக் கொடு என்று கேட்டாள். 404 என்று வந்தது. "அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "இன்னொரு தடவை கேளுங்க." கேட்டாள். இன்னொரு தடவையும் இல்லை என்றது. அதற்குப் பிறகுதான் அவர் டீயைக் குடித்தார்.

அன்று பத்து மணிக்கு மேனேஜர் முன்னால், மூடிய நிறுத்தங்களைப் பற்றிச் சாலைத் துறை அனுப்பியிருந்த கடிதத்தையும் அவருடைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஒரு நம்பர்தானேம்மா" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அரை நாள் ஷிப்டு இழந்தவர்களைப் பற்றித் தொழிற்சாலைக்கு விளக்கக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். வாரக் கடைசிக்குள் எழுதியும் விட்டார். தெற்கு வாசல் அழிக்கப்பட்டது. வடக்கு வாசலில் வானொலி அம்மாளை மறுபடி கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டே நாளில் டிப்போ மூன்றிலிருந்து தொலைபேசி. "அம்மா, அந்தம்மா குரலுக்கு மூணு பேரு எழுந்திருக்கலை. என் குரல் கேட்டு ஒரு வாரத்துலயே பழக்கம் கெட்டுப் போச்சாம். பழையபடி என்னையே போடச் சொல்றாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்." வேண்டாம் என்று சொன்ன குரலில் பெருமை வழிந்தது. எந்த நாளுடையது வேண்டும் என்று கேட்டாள். "வியாழக்கிழமை. அன்னிக்கு வரைக்கும்தான் சளி இல்லை."

மேனேஜர், ஒரே ஒரு நிறுத்தத்துக்கு வேறு குரலா என்று முனகினார். அப்புறம் தன் விரல் தள்ளி விழுந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். துருவியின் மண்டைக்குள் மறுபடி குடைச்சல் ஆரம்பித்திருந்தது. மீதி முந்நூற்றுப் பதினொன்றை யாரும் திருப்பி வைக்கவில்லை. திருப்பி வைக்கவில்லை என்பதாலேயே அவை சரி என்று ஆகிவிடுமா? எல்லா டிப்போவிலும் ஒரு கட்டைக்குரல் இருப்பாரா? மேனேஜரிடம் இரண்டு வார அவகாசம் கேட்டாள். "எதுக்கு?" என்றார். "தெரிஞ்சுக்கறதுக்கு சார்" என்றாள்.

பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு டிப்போ டிப்போவாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. இல்லைம்மா, அங்க வண்டி போறதில்லை. ஆமாம்மா, அந்தக் கம்பத்தையே எடுத்துட்டாங்க. நூற்று அறுபதாவதோ என்னவோ, டிப்போ ஐந்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"அந்த ஸ்டாப்பா? வண்டி நிக்குதுங்களே, தினம் நிக்குது."

"பேரு சொல்லுதா?"

"இல்லைங்க. கொஞ்ச நாளா சத்தமே இல்லை."

"நீங்க யாரும் கேக்கலையா?"

"யாரைக் கேக்கறது? இனிமே அப்படித்தான் போலன்னு பழகிட்டோம்."

துருவி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் லைன்லயே இருங்க" என்றாள். பதிப்புகளைக் கேட்டாள். வானொலி அம்மாள் அடியில் பத்திரமாக இருந்தார். மேலே கிடந்த குறியை அகற்றினாள். 204 வந்தது. அதை நம்பாமல் கோப்பையே திருப்பிக் கேட்டு வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு, ரிசீவரை அதன் பக்கத்தில் பிடித்தாள்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் அந்தப் பெண். "இன்னொரு தடவை போடுங்க, டிரைவரைக் கூப்பிடறேன்."